ஊவா மலைகளின் கதை - 12: சுட்ட கல், அரைத்த கல்

சென்ற அத்தியாயத்தை மடுல்சீமையில் நிறுத்தியிருந்தோம். 1869இல் அந்த மலையின் கோப்பித் தோட்டமொன்றில், இலைகளின் அடிப்புறத்தில் செம்மஞ்சள் பொடி படிந்திருப்பதைக் கண்டார்கள். லுணுகலைக்காரருக்கு மடுல்சீமை பக்கத்து மலை. இலங்கையின் கோப்பியை அடியோடு வீழ்த்திய நோய் முதன்முதலில் பதிவானது நம் வாசலில்தான் என்று சொல்லிக்கொள்ளலாம். அதில் பெருமைப்பட ஒன்றுமில்லை என்பது வேறு விஷயம்.

அந்த நோய்க்குக் கொடுத்த மருந்துகளில் ஒன்றுதான் நம்மைச் சுண்ணாம்புக்குக் கொண்டுவந்து விடுகிறது. 1879இல் பேராதனைப் பூங்காவின் உதவிப் பணிப்பாளராக இருந்த டானியல் மொறிஸ், கந்தகத் தூளையும் சுண்ணாம்பையும் கலந்து கோப்பிச் செடிகளில் தூவச் சொன்னார். தோட்டம் தோட்டமாக அது நடந்தது. செங்குத்தான சரிவில் ஒவ்வொரு செடியாகப் போய்த் தூவ வேண்டும். மழை பெய்தால் தூவியது அத்தனையும் கானோடு போய்விடும். மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். தூவிய கைகள் யாருடையவை என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

1880இல் இங்கிலாந்திலிருந்து வந்த மார்ஷல் வார்ட் இரண்டு ஆண்டுகள் தங்கி இந்த நோயை ஆராய்ந்தார். பூஞ்சையின் வித்துகள் காற்றில் வந்து இலையில் விழுந்து, ஈரத்தில் முளைத்து உள்ளே நுழைகின்றன என்று காட்டினார். உள்ளே போனபின் வெளியே எதைத் தூவியும் பயனில்லை. நுழையும் முன்பே இலையைக் காத்தாக வேண்டும். அதற்கு ஏற்ற கலவையை 1885இல் பிரான்சின் போர்தோ பகுதியில் மியார்தே என்பவர் அறிவித்தார். செப்புச் சல்பேற்றும் சுண்ணாம்பும் சேர்ந்த கலவை அது. பாதி மருந்து மடுல்சீமையில் ஏற்கெனவே கையில் இருந்திருக்கிறது. மற்றப் பாதி வருவதற்குள் கோப்பி போய்விட்டது, தேயிலை வந்துவிட்டது.

சரி, சுண்ணாம்பு எங்கிருந்து வந்தது? இந்த அத்தியாயத்தின் கேள்வி அதுதான். ஏனென்றால் அந்தத் தோட்டங்களின் அடியிலும் அக்கம்பக்கத்திலும் சுண்ணாம்புக் கல் கிடக்கிறது. பதுளை, வெலிமடை, பிபிலை என்று இந்த மலைகளின் பல இடங்களில் அது பட்டை பட்டையாக ஓடுகிறது. பதுளையிலிருந்து பசறை, லுணுகலை வழியாகப் பிபிலைக்கு இறங்கும் பாதையில் போகிறவர் இந்தப் பாறைகளின் நாட்டுக்குள்ளேதான் போகிறார். இருந்தும் இந்தத் தீவு நெடுங்காலம் கட்டடத்துக்கான சுண்ணாம்பின் பெரும்பகுதியைக் கடற்கரையிலிருந்தே எடுத்தது. தென்மேற்குக் கரையில் ஹிக்கடுவை, அக்குரலை பக்கம் பவளப் பாறையை வெட்டிச் சூளையில் சுட்டார்கள். கல் மலையிலேயே இருக்க, சுண்ணாம்பைக் கடல் ஏன் கொடுத்தது?

விடை கல்லுக்குள்ளேயே இருக்கிறது. அதைச் சொல்வதற்கு முன், அந்தக் கல்லை முதலில் ஒழுங்காகப் படித்தவரைச் சொல்லிவிட வேண்டும்.

ஆனந்த குமாரசுவாமி என்றால் சிவதாண்டவத்தைப் பற்றி எழுதியவர், கலை அறிஞர், பொஸ்டன் அருங்காட்சியகத்தில் இருந்தவர் என்றுதான் தமிழ் வாசகருக்கு ஞாபகம் வரும். சேர் முத்து குமாரசுவாமியின் மகனான அவர் லண்டனில் படித்ததோ புவிச்சரிதவியலும் தாவரவியலும். 1902இல், தமது இருபத்தைந்தாவது வயதை ஒட்டி, லண்டன் புவிச்சரிதவியற் சங்கத்தின் சஞ்சிகையில் அவர் வெளியிட்ட கட்டுரையின் பொருள் இலங்கையின் பளிங்குச் சுண்ணாம்புக் கற்கள். அடுத்த ஆண்டு இலங்கைக் கனிப்பொருள் அளவைத் திணைக்களத்தின் முதல் பணிப்பாளரானார். 1906 வரை அந்தப் பதவியில் இருந்தார். கண்டிக்கு அருகே அம்பகோட்டைப் பக்கத்தில் இத்தகைய சுண்ணாம்புக் கல்லோடு சேர்ந்து கிடந்த நீலநிறக் கனிமமொன்றை பிரையர் என்பவரோடு சேர்ந்து அடையாளம் கண்டார். தீவின் பழைய பெயரான சேரந்தீபத்தை வைத்து அதற்குச் ‘செரண்டிபைட்’ என்று பெயரிட்டார்கள்.

கல்லைத் தேடிக் கிராமம் கிராமமாகப் போனவருக்கு, அந்தக் கிராமங்களில் கைவினைகள் செத்துக்கொண்டிருப்பது கண்ணில் பட்டது. அதன் விளைவுதான் 1908இல் வந்த ‘மத்தியகாலச் சிங்களக் கலை’ என்ற பெரிய நூல். அதன்பின் அவர் கல் பக்கம் திரும்பவில்லை. கலைக்கு லாபம். கல்லுக்கு நட்டம் என்றே நான் நினைக்கிறேன். இன்னும் பத்து வருடம் அவர் அந்த வேலையில் இருந்திருந்தால், கல்லோடு கல்லுடைத்தவர்களைப் பற்றியும் நாலு வரி எழுதி வைத்திருப்பார். கைவேலை செய்கிறவனைக் கவனிக்கும் கண் அவருக்கு இருந்தது.

அவர் படித்த கல் யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக் கல்லைப் போன்றதல்ல. யாழ்ப்பாணத்தில் இருப்பது மயோசின் காலத்தில் கடலடியில் படிந்தது. மென்மையானது, நிலத்தை ஒட்டியே கிடைப்பது. மலையில் இருப்பது அதைவிடப் பல மடங்கு பழையது. ஐம்பது கோடி ஆண்டுகளுக்கும் முன்னர் பூமியின் ஆழத்தில் வெந்து நசுங்கிப் பளிங்காகிப்போன கல் அது. உடைத்தால் உடைந்த முகம் கற்கண்டுபோல மினுங்கும். இடையிடையே தேன்நிற அப்பிரகமும், நீலப்பச்சையில் அபடைட்டும், சில இடங்களில் கரிய காரீயமும் தெரியும். நீர்த்த அமிலம் ஒரு சொட்டு விட்டுப் பார்ப்பது கல்லாய்வாளர் வழக்கம். கல்சைட் என்றால் உடனே நுரைத்துப் பொங்கும். மலைநாட்டுக் கல் பல இடங்களில் பொங்குவதில்லை. கத்தியால் சுரண்டித் தூளாக்கி அதன்மேல் விட்டால்தான் மெல்ல நுரை கட்டும். அப்படியென்றால் அது டொலமைட். கல்சியத்தோடு மக்னீசியமும் கலந்த கல்.

அந்த மக்னீசியம்தான் இந்தக் கதையின் வில்லன். கடைசியில் கதாநாயகனும் அதுவே.

சூளை வைக்கிறவன் கோணத்திலிருந்து பாருங்கள். மலைச்சரிவில் வட்டமாகக் குழிவெட்டி, உட்சுவரைக் கல்லால் கட்டி, அடியில் வாய் வைப்பார்கள். விறகு ஓர் அடுக்கு, கல் ஓர் அடுக்கு என்று மேலே வரை ஏற்றுவார்கள். கல்லை அதற்கு முன்பே சம்மட்டியால் கைக்கு அடங்கும் அளவுக்கு உடைத்திருக்க வேண்டும். பெரிதாக இருந்தால் நடு வேகாது. பொடியாக இருந்தால் காற்று போகாது. தீ மூட்டியபின் இரவும் பகலும் ஆள் காத்திருக்க வேண்டும். கல்சியக் கல் சுண்ணாம்பாக மாறுவதற்கு ஏறத்தாழ 900 பாகை செல்சியஸ் வெப்பம் தேவை. தூய கல் 100 கிலோ ஏற்றினால் 56 கிலோதான் இறங்கும். மீதி கரியமில வாயுவாகப் புகையோடு போய்விடும். இறக்கிய கல் உருவத்தில் மாறாமல் அப்படியே இருக்கும். கையில் எடுத்தால்தான் பாரம் குறைந்திருப்பது தெரியும். தண்ணீர் விட்டால் சீறி, வெடித்து, கொதித்து, கடைசியில் வெண்பொடியாக உதிரும். நீற்றும்போது கண்ணில் தெறித்தால் பார்வை போகும்.

டொலமைட் கல்லை இப்படிச் சுட்டால் ஒரு சிக்கல். அதிலுள்ள மக்னீசியப் பகுதி இதைவிடக் குறைந்த சூட்டிலேயே வெந்துவிடுகிறது. கல்சியப் பகுதி வேகும்வரை காத்திருந்தால் மக்னீசியம் அளவுக்குமீறி வெந்து இறுகிப்போகும். அப்படி இறுகியது தண்ணீர் விட்ட அன்றைக்கு நீறாது. சாந்தாகச் சுவருக்கு ஏறி, மாதக்கணக்கில் காற்றின் ஈரத்தை இழுத்து, பிறகு மெதுவாக ஊதும். பூசி முடித்துக் கூலியும் வாங்கிக்கொண்டு கொத்தனார் போய் நெடுநாள் கழித்துச் சுவரில் கொப்புளம் கிளம்பும், பொரிந்து கொட்டும். பவளச் சுண்ணாம்புக்கு இந்த வியாதி கிடையாது. கரையிலிருந்து மலைக்கு ஏற்றுக்கூலி எவ்வளவு ஆனாலும், நல்ல வேலைக்குக் கடல் சுண்ணாம்பு என்ற எண்ணம் எங்கிருந்து பிறந்தது என்று இப்போது புரியும்.

இதனால் மலையில் சூளையே இருக்கவில்லை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. கண்டி அரசர் காலத்து ராஜகாரிய முறையில், சுண்ணாம்பு சுட்டுக் கொடுப்பதையே கடமையாகக் கொண்ட ஒரு பிரிவினர் இருந்தார்கள். விகாரைக்கும் தாதுகோபத்துக்கும் அரண்மனைக்கும் வெள்ளை வேண்டியிருந்தது. எங்கே டொலமைட் குறைவாகவும் கல்சைட் மிகுதியாகவும் கல் ஓடுகிறது என்பது அந்தக் குடும்பங்களுக்குத்தான் தெரிந்திருக்க வேண்டும். அமிலச் சீசா இல்லாமல், சுட்டுப் பார்த்தே கற்றுக்கொண்ட அறிவு அது.

தோட்டங்கள் வந்தபின் வெள்ளைக்கு வேறொரு தேவை முளைத்தது. 10 அடிக்கு 12 அடி லயக்காம்பராவில் ஒரு குடும்பம், சில வேளை இரண்டு. வாந்திபேதி, கொக்கிப்புழு, வயிற்றோட்டம். தொழிலாளர் சாவு முதலாளிக்கு நட்டம் என்று கணக்குப் பார்த்த அரசு 1872இல் மருத்துவத் தேவைகள் சட்டத்தைக் கொண்டுவந்தது. 1912இல் தொழிலாளர் நோய்கள் பற்றிய சட்டம் வந்தது. லயத்தைச் சுத்தமாக வைத்திருப்பது தோட்டத்தின் பொறுப்பாயிற்று. அதற்கு மிக மலிவான வழி சுவருக்கு வெள்ளையடிப்பது. சுண்ணாம்பின் காரம் கிருமியைக் கொல்லும் என்பது உண்மைதான். ஆனால் அந்தச் சுவருக்குள் எத்தனை பேர் படுக்கிறார்கள் என்ற கேள்வியை அது மூடிவிட்டது. பார்வையிட வருகிறவர் கண்ணுக்குச் சுவர்தான் முதலில் படும். ஆஸ்பத்திரி இருந்ததா, மருந்து இருந்ததா என்று தேடிப் பார்க்கக் கொஞ்சம் உள்ளே நடக்க வேண்டும். லயத்து மக்களோ அந்த வெள்ளையைத் தங்களுடையதாக்கிக்கொண்டார்கள். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் வெள்ளையடித்து, கீழே செம்மண் பட்டி தீட்டாத வாசல், வீடாகவே தோன்றாது.

பிறகு சீமெந்து வந்தது. இதுவும் கடலோரத்துக் கல்லின் வெற்றிதான். கைத்தொழில் அமைச்சராக ஜி.ஜி. பொன்னம்பலம் இருந்த காலத்தில் காங்கேசன்துறையில் எழுந்த தொழிற்சாலை 1950இல் உற்பத்தியைத் தொடங்கியது. கல் அங்கேயே தோண்டியது. களிமண் முருங்கனிலிருந்து ரயிலில் வந்தது. மலைநாட்டுக் கல்லைக் கொண்டு ஏன் சீமெந்து செய்யவில்லை என்று கேட்டால், மறுபடியும் அதே பதில்தான். சீமெந்தில் மக்னீசியா சில வீதத்துக்குமேல் போகக்கூடாது. போனால், கட்டிய பிறகு உள்ளுக்குள் ஊதி வெடிக்கும். சூளையில் தள்ளுபடியான கல் தொழிற்சாலையிலும் தள்ளுபடியானது. 1990இல் போர் காங்கேசன்துறையை மூடியது. தொழிற்சாலையோடு சுற்றுவட்டக் கிராமங்களும் ஆளில்லாமல் போயின. தோண்டிய பள்ளங்கள் மிஞ்சின.

அப்படியானால் ஊவாவின் கல்லுக்கு யார் மாலை போட்டது? தேயிலைதான்.

தேயிலை புளித்த மண்ணில் வளரும் செடி. மண்ணின் பி.எச். 4.5இலிருந்து 5.5 வரை இருந்தால் அதற்குச் சந்தோஷம். அதனால் நெடுங்காலம் தேயிலைக்கும் சுண்ணாம்புக்கும் பகை என்றே நினைத்தார்கள். ஆனால் வருடக்கணக்காக அமோனியம் சல்பேற்று போட்டுக்கொண்டே வந்தால் மண் புளித்துப் புளித்து அந்த எல்லைக்கும் கீழே இறங்கிவிடும். போடும் உரத்தைச் செடி எடுக்காது. கூடவே முற்றிய இலைகளில் நரம்புகளுக்கு இடையே மஞ்சள் விழத் தொடங்கும். இலையின் பச்சைக்கு வேண்டிய மக்னீசியம் பற்றாமையின் அடையாளம் அது. புளிப்பையும் மெதுவாகத் தணிக்க வேண்டும், மக்னீசியமும் கொடுக்க வேண்டும். இரண்டையும் ஒன்றாகச் செய்கிற பொருள் எது? கொத்தனாரும் சீமெந்துக்காரனும் ஒதுக்கிய அதே டொலமைட். தூய டொலமைட்டில் மக்னீசியா மட்டும் ஏறத்தாழ 22 வீதம். 1925இல் தொடங்கிய தேயிலை ஆராய்ச்சி நிறுவனத்துக்குத் தலவாக்கலையில் தலைமையகம், ஊவாவுக்கென்று பசறையில் ஒரு நிலையம். அந்த நிறுவனத்தின் ஆலோசனைப்படி, மண்ணைச் சோதித்து, செடிகளை வெட்டிவிடும் கவ்வாத்தை ஒட்டி டொலமைட் போடுவது தோட்டங்களில் நிலைத்த வேலையாகிவிட்டது.

இதைச் சுட வேண்டியதில்லை. உடைத்து, ஆலையில் மாவாக அரைத்தால் போதும். இந்த மாற்றம் சிறிதாகத் தோன்றும், உண்மையில் மிகப் பெரியது. சூளை தின்ற காட்டு விறகு மிஞ்சியது. சூளைக்காரனின் கைப்பக்குவம் தேவையற்றுப் போனது. நல்ல கல் எது, கெட்ட கல் எது என்று தலைமுறை தலைமுறையாகச் சேர்த்து வைத்த அறிவை ஆய்வுகூடச் சான்றிதழ் எடுத்துக்கொண்டது. மிஞ்சியது உடைக்கிற கை. பாறை முகத்தில் துளைபோட்டு வெடிவைத்து, அலவாங்கால் நெம்பி விழுத்தி, சம்மட்டியால் சிறிதாக்கி, லொறியில் ஏற்றுகிற கை. கணக்கு கியூப்பில். ஒரு கியூப் என்பது 100 கன அடி. தோட்டத்தில் பேர், அதாவது நாள்வேலை, கிடைக்காத இளைஞன் கல்லுடைக்கப் போனால், அன்று உடைத்ததற்குத்தான் அன்றைய காசு. மழை பெய்தால் அதுவுமில்லை.

கடற்கரையில் நடந்தவையும் மலைக் கல்லின் பக்கம் கண்ணைத் திருப்பின. 1981இன் கரையோரப் பாதுகாப்புச் சட்டமும் அதன் பின்வந்த திருத்தங்களும் பவளம் தோண்டுவதைத் தடைசெய்தன. தடை இருந்தும் தோண்டியதன் விலை 2004 டிசம்பர் 26ஆம் திகதி தெரிந்தது. பவளப்பாறை பெரும்பாலும் மிஞ்சியிருந்த ஹிக்கடுவையில் கடல் சிறிது தூரமே உள்ளே வந்தது. பவளம் சூறையாடப்பட்டிருந்த பக்கத்துப் பெரலியவில் ஒன்றரைக் கிலோமீற்றர் வரை ஏறி, ரயிலையே புரட்டிப்போட்டது. அதன்பின் கரைச் சுண்ணாம்புக்கு வக்காலத்து வாங்க யாருக்கு வாய் வரும்? உள்நாட்டுக் கல்தான் போக்கிடம்.

1992ஆம் ஆண்டை இங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். அந்த ஆண்டுதான் அரசு வைத்திருந்த பெருந்தோட்டங்களின் நிர்வாகம் பிராந்தியக் கம்பனிகளின் கைக்குப் போனது. அதே ஆண்டு 33ஆம் இலக்க சுரங்கங்கள், கனிப்பொருட்கள் சட்டம் வந்தது. நிலம் யாருடையதானாலும் அதன் கீழுள்ள கனிப்பொருள் குடியரசுக்கே சொந்தம் என்றது சட்டம். தோண்டுவதற்குப் புவிச்சரிதவியல் அளவை, சுரங்கப் பணியகத்தின் அனுமதிப் பத்திரம் வேண்டும். ஆக, மேலே தேயிலைக் குத்தகை கம்பனிக்கு, கீழே கல் அரசுக்கு, தோண்டும் உரிமை பத்திரம் வைத்திருப்பவருக்கு. லயத்தில் இருக்கிறவனுக்கு வீட்டு வாசலும் சொந்தமில்லை. காட்டைத் திறந்த காலத்திலிருந்து இந்த மலையைப் புரட்டியது அவனுடைய பாட்டன் கைதான் என்றாலும், கல்குவாரியிலும் அவன் நாட்கூலிதான். கிராமத்துச் சிங்கள விவசாயியாவது தன் காணிக்குள் லொறி போகப் பாதை கொடுத்து நாலு காசு கேட்கலாம். தோட்டத்து ஆளுக்குக் கொடுப்பதற்குப் பாதையும் கிடையாது.

அதே 1992 ஒக்டோபரில் இன்னொன்றும் நடந்தது. ஊவா எல்லைக்கு அப்பால், பெலிஹுல்ஓயாப் பக்கத்தில், புதிதாகக் கட்டிய சமனலவெவ அணையின் வலக்கரை மலை ஓரிடத்தில் பிய்த்துக்கொண்டு தண்ணீரை வெளியே தள்ளியது. அணைச்சுவரில் பழுதில்லை. பக்கத்து மலைக்குள் ஓடிய சுண்ணாம்புக் கல்லில் தண்ணீர் காலங்காலமாக அரித்து வைத்திருந்த பொந்துகள் வழியாக நீர் போனது. சீமெந்துக் குழம்பை உள்ளே செலுத்திப் பார்த்தார்கள், களிமண் கொட்டிப் பார்த்தார்கள். ஒழுக்கு நிற்கவில்லை. கடைசியில் அந்தத் தண்ணீரைக் கல்தோட்டை வயல்களுக்குரிய பங்காகவே கணக்கில் எழுதிக்கொண்டார்கள்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், சுண்ணாம்புக் கல் ஓடுகிற மலையில் தண்ணீர் போகும் வழி மேலே நின்று பார்க்கிறவனுக்குத் தெரியாது. வெலிமடைப் பக்கத்து இஸ்திரிபுர குகையும் அதே வகைக் கல்லைத் தண்ணீர் குடைந்ததால் உண்டானதுதான். தோட்டத்து லயங்கள் பலவற்றுக்கு இன்றும் பீலித் தண்ணீர்தான் கதி. மேலே எங்கோ ஊறி, பாறை வெடிப்புகளில் இறங்கி, கீழே பீலியில் விழுகிற தண்ணீர். ஊற்றுக்கு மேலே கல்லை வெட்டினால், வெடி அதிர்ந்தால், அந்த வழி அடைபடலாம், வேறு பக்கம் திரும்பலாம். பதுளை மாவட்டம் மண்சரிவு அபாயத்துக்குப் பேர்போனது. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனது கல்குவாரியால் அல்ல, மழையால். ஆனாலும் அதற்குப்பின், சரிவில் ஒரு வெடிச்சத்தம் கேட்டால் கீழேயிருக்கும் லயத்தில் யாரும் சும்மா படுத்திருக்க மாட்டார்கள். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் பார்வையிட்டுச் சரி என்று சொன்னதா என்று கேட்பது இப்போது தோட்டத்து இளைஞருக்குத் தெரிந்த கேள்வி. முப்பது வருடத்துக்கு முன் அந்தக் கேள்வியே இருக்கவில்லை.

கல் மாவாகித் தோட்டத்துக்குத் திரும்பி வருவதைச் சொல்லி முடிக்கிறேன். மூடை லொறியிலிருந்து இறங்கும். கவ்வாத்து மலையில் வெட்டிய மொட்டைச் செடிகள் நிரைநிரையாக நிற்கும். வாளியில் அள்ளி, நிரைக்கு நிரை நடந்து, கையால் வீச வேண்டும். காற்று எதிர்ப்பட்டால் வீசியது முகத்துக்கே வரும். சுட்ட சுண்ணாம்பைப்போல் இது பொத்துப்போகச் செய்யாது. ஆனால் மூக்கும் தொண்டையும் வறண்டு, இருமல் பிடிக்கும். சேலைத் தலைப்பையோ துவாயையோ மூக்கைச் சுற்றிக் கட்டிக்கொள்வதுதான் பல இடங்களில் பாதுகாப்பு. மருந்தடிக்கிறவருக்கு முகமூடி கொடுக்க வேண்டும் என்று ஓரளவுக்காவது பேச்சு உண்டு. டொலமைட் ‘வெறும் கல்லு மாவு’ என்பதால் அந்தப் பேச்சும் குறைவு. கவ்வாத்து வருகிற ஒவ்வொரு சுற்றுக்கும் இந்த வேலை திரும்பி வரும். 1879இல் கந்தகமும் சுண்ணாம்பும் தூவிய மலைகளில் இப்போது தேயிலைக்குத் தூவுகிறார்கள். இந்த முறை மருந்து சரியானது. தூவுகிற விதம் மட்டும் ஏறத்தாழ அப்படியே இருக்கிறது.

அடுத்த அத்தியாயத்தில் பண்டாரவளையில் முப்பது ஆண்டுகள் மூச்சுவாங்கி நின்ற ரயில், 1924இல் பதுளைக்கு வந்து சேர்ந்ததைப் பார்ப்போம்.

(தொடரும்)